ஆலய விளக்கும் மின்சாரச் சிக்கனமும்

(மதுரையை அடுத்த கிராமங்களின் தேவாலயப் பொறுப்பாளர்களும் ஊராட்சிச் செயலர்களும் மகளிர் குழுவினரும் கூடியிருந்த கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



தேவாலயத்தின் பீடத்தில் எந்த விளக்கு எரியவேண்டும் என்று சொல்ல ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திற்கு என்ன உரிமை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். உரிமை ஒன்றும் இல்லை. வழிபாட்டு முறையில் தலையிடுவது நம் வேலையன்று. ஊராட்சிப் பணத்திலிருந்து ஆலயத்திற்கு ஒரு பல்பு வாங்கித் தரவும் நமக்கு அதிகாரமில்லை. ஆயினும் ஊராட்சித் தெருவிளக்குகளில் குழல் விளக்குகளை அகற்றி எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தும் பணியில் நாமும் நம் பொறியாளர்களும் சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறோம். எந்த விளக்கு நிலைத்து நிற்கிறது, எது மூன்றே மாதத்தில் கண்ணை மூடிவிடுகிறது, எதற்காக மூடுகிறது என்பதையெல்லாம் கம்பத்தடியில் நின்று கண்டிருக்கிறோம். அந்த அனுபவம் உங்களுக்கும் பயன்படட்டும் என்று நீங்கள் அழைத்தீர்கள், வந்திருக்கிறோம்.

மின்சாரம் என்பது சுவரிலுள்ள சுவிட்சில் பிறப்பதன்று. தமிழகத்தில் 1932 இல் பைக்காராவிலும், 1937 இல் மேட்டூரிலும், 1944 இல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் எழுந்தன. 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, லோயர் கேம்ப்பில் சுழலிகளைச் சுற்றி மின்சாரம் ஈன்றபின், வைகையில் கலந்து பேரணையில் திரும்பி, வாடிப்பட்டி, மேலூர் வயல்களுக்குப் பாய்கிறது. ஒரே தண்ணீர் நமக்கு வெளிச்சமும் தருகிறது, சோறும் தருகிறது. ஆனால் இன்று நாம் எரிக்கும் மின்சாரத்தில் நீரின் பங்கு சிறிது. நிலக்கரியின் பங்கே பெரிது. வீணாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எங்கோ ஓரிடத்தில் கரி எரிகிறது, உங்கள் காணிக்கைப் பெட்டியிலும் காசு குறைகிறது.

நம் பக்கத்துக் கிராமங்களில் மின்சாரம் வருவதற்கு முன்னர் மாலைச் செபமும் திருவிழாப் பூசையும் எண்ணெய் விளக்கிலும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் நடந்தன என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறகு குண்டு பல்பு வந்தது; அதன்பின் குழல் விளக்கு. குண்டு பல்பு உண்மையில் ஓர் அடுப்பு என்றே சொல்லலாம். அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே வெளிச்சமாகிறது, மிச்சமெல்லாம் சூடு. சித்திரை மாதத்து மதுரையில் யாரும் காசு கொடுத்துச் சூடு வாங்குவதில்லை. குழல் விளக்கு அதைவிட மேலானது. ஆனால் நாற்பது வாட் என்று அதன்மேல் எழுதியிருந்தாலும் பழைய சோக் தனியே பத்துப் பன்னிரண்டு வாட்டை விழுங்கிக்கொண்டிருக்கும்.

எல்.இ.டி. என்பது சூடேறிச் சிவக்கும் கம்பியன்று. ஒரு சிறு குறைகடத்திச் சில்லின் வழியே மின்சாரம் செல்லும்போது அதுவே நேரடியாக ஒளியை உமிழ்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் 1962 இல் ஆக்கினார். ஆனால் நீல ஒளி கிடைக்காமல் வெள்ளை வெளிச்சம் கிடைக்காது. அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அந்த நீல ஒளியைக் கண்ட அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கும் 2014 இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. மொத்தக் கொள்முதலின் பயனாக, 2014 இல் ஏறத்தாழ 310 ரூபாய்க்கு வாங்கப்பட்ட பல்பின் கொள்முதல் விலை 2016 இல் 38 ரூபாய்க்கு இறங்கிற்று. ஆகவே இது பணக்காரர் பொருள் என்ற நிலை போய்விட்டது.

இனிக் கணக்குக்கு வருவோம். நடுத்தரமான ஒரு கிராமத்து ஆலயம். உள்ளே குழல் விளக்கு இருபது, சோக்கோடு சேர்த்து ஒவ்வொன்றும் 52 வாட். நூறு வாட் குண்டு பல்பு ஆறு. பீடத்தை நோக்கி 500 வாட் ஹாலஜன் ஃபோகஸ் லைட் இரண்டு. ஆக மொத்தம் 2,640 வாட். நாள்தோறும் மூன்று மணி நேரம் எல்லாம் எரிந்தால் இரண்டு மாதத்திற்கு 475 யூனிட் ஆகும். இவற்றுக்குப் பதிலாக 20 வாட் எல்.இ.டி. குழல் இருபதும், 10 வாட் பல்பு ஆறும், 50 வாட் ஃபோகஸ் விளக்கு இரண்டும் போட்டால் மொத்தமே 560 வாட். இரண்டு மாதத்திற்கு 101 யூனிட். மிச்சம் 374 யூனிட். நாள்தோறும் பூசையும் செபமாலையும் பாடற்குழுப் பயிற்சியும் நடைபெறும் பங்கு ஆலயத்துக்கு இது நல்ல லாபம்.

ஆனால் இதே கணக்கைக் காட்டி எல்லா ஊர்களிலும் விளக்கு விற்பவர்கள் வருவார்கள். அவர்களை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் ஆலயம் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது? கிளைக் கிராமத்துச் சிற்றாலயங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தான் விளக்கெரிகிறது. இரண்டு மாதத்தில் ஒன்பது ஞாயிறு என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன அத்தனை பழைய விளக்குகளும் சேர்ந்து எரிப்பதே 48 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அங்கே முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் வரி பிரித்து எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், போட்ட பணம் திரும்ப எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே ஊரில், ஆலயத்துக்கு வெளியே மாதா கெபியில் ஒரு 60 வாட் பல்பு மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை எரிந்துகொண்டிருக்கும். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒற்றைப் பல்புதானே என்று விட்டுவிடுவார்கள். அந்த ஒற்றைப் பல்பு இரண்டு மாதத்தில் 43 யூனிட் குடிக்கிறது. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் எரியும் 500 வாட் ஃபோகஸ் லைட் இரண்டும் சேர்ந்து அதே காலத்தில் குடிப்பது 18 யூனிட்தான். கண்ணைப் பறிக்கும் பெரிய விளக்கு எப்போதும் பெரிய செலவாளி அன்று. நெடுநேரம் எரிவதே செலவாளி. ஆகவே முதலில் மாற்ற வேண்டியது கெபி விளக்கு, குருசடி விளக்கு, மணிக்கூண்டு விளக்கு, பங்கு வீட்டு வாசல் விளக்கு. இவற்றுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். எந்த வரியும் பிரிக்க வேண்டியதில்லை. அடுத்த இரண்டு மின்கணக்கீட்டில் வரும் மிச்சத்தைக் கொண்டு உள்ளே ஒரு வரிசை, பிறகு இன்னொரு வரிசை என்று போகலாம். தெருவிளக்குப் பணியிலும் விடிய விடிய எரியும் விளக்கில்தான் முதல் கண் வைக்கவேண்டும் என்பதை நாம் கண்டோம்.

இப்போது பீடத்துக்கு வருவோம். இங்கே கணக்கு மட்டும் போதாது.

நம் வட்டாரத்துப் பெருங்கோயில்கள் பலவற்றில் கருவறைக்குள் இன்றும் எண்ணெய் விளக்குத்தான் எரிகிறது. அந்த மங்கிய ஒளியில் தீபாராதனை காட்டும்போது தெய்வத்தின் திருமுகம் தெரிவதைக் கண்டவர்களுக்கு, வழிபாட்டில் இருளுக்கும் ஓர் இடம் உண்டு என்பது விளங்கும். தேவாலயத்திலும் அப்படியே. நற்கருணைப் பேழையின் முன் எரியும் அணையா விளக்கு எண்ணெயாலோ மெழுகாலோ எரியவேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு ஒழுங்கு. அதைத் தொடவே வேண்டாம். மின்சாரச் சிக்கனத்துக்கும் அதற்கும் எந்தப் பகையும் இல்லை.

மாற்றிய பிறகு பல ஊர்களில் நாம் கேட்கும் குறை ஒன்றுதான்: "கோயில் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது." காரணம் எல்.இ.டி. அன்று, வாங்கிய நிறம். விளக்குப் பெட்டியின்மேல் கெல்வின் என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். 6,500 என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை; கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது இதுதான். 2,700 அல்லது 3,000 என்றிருந்தால் பழைய குண்டு பல்பின் பொன்னிற ஒளி. பீடத்துக்கும் சுரூபங்களுக்கும் பொன்னிறமே பொருந்தும்; மக்கள் பாட்டுப் புத்தகம் படிக்கும் நடுப்பகுதிக்கு 4,000 வரை போகலாம். இன்னோர் எண்ணும் உண்டு: நிறத்தை உள்ளபடி காட்டும் திறனை 100க்கு இத்தனை என்று குறிப்பார்கள். பீடத்துக்கு 90 அல்லது அதை ஒட்டியதாகக் கேட்டு வாங்குங்கள். குறைந்த விளக்கில் குருவின் சிவப்பு உடை பழுப்பாகத் தெரியும். மாதாவின் நீல மேலாடை சாம்பல் பூத்திருக்கும். மேலும் மழைக்காலத்து ஈசல் நீலம் கலந்த வெள்ளை விளக்கை நாடி வரும் அளவுக்குப் பொன்னிற விளக்கை நாடுவதில்லை. கார்த்திகை மாதத்து மாலைப் பூசையில் ஈசலோடு போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விளக்கு எங்கே இருக்கிறது என்பது எத்தனை வாட் என்பதைவிட முக்கியம். பீடத்தின் பின்சுவரில் மக்களை நோக்கி ஃபோகஸ் லைட் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அப்படி வைத்தால் முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் பாட்டிமார்களுக்குக் கண் கூசும். பிரசங்கம் செய்பவரின் முகமோ இருளில் இருக்கும். பீடத்துக்கு முன்னுள்ள வளைவின் பின்புறத்தில் உயரமாக மறைத்துவைத்து, சாய்வாகப் பீடத்தின்மேல் விழச்செய்தால், விளக்கு தெரியாது, வெளிச்சம் தெரியும். வாசகம் படிக்கும் இடத்துக்குத் தனியே ஒரு சிறு விளக்கு வேண்டும். சுவிட்சுகளையும் பிரிக்கவேண்டும்: பீடம், வாசக மேடை, முன்பாதி, பின்பாதி, வெளிப்புறம் என்று ஐந்தாக. சாயங்காலம் ஏழெட்டுப் பெண்கள் செபமாலை சொல்ல வரும்போது இருபது குழலும் எரிவது நாம் பல இடங்களில் காணும் காட்சி. அவர்கள் கேட்டதன்று அது. ஒரே சுவிட்ச் செய்கிற வேலை. சுவிட்சைப் பிரிப்பது ஒன்றே பல ஆலயங்களில் பாதிச் செலவைக் குறைத்துவிடும். புதிய விளக்கே வாங்க வேண்டியதில்லை!

உலகப் புகழ் பெற்ற ஆலயங்களும் இதே சிந்தனையில்தான் மாறின. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ஓவியங்களுக்கு 2014 இல் ஏறத்தாழ 7,000 எல்.இ.டி.களைக் கொண்டு புதிய ஒளியமைப்புச் செய்தார்கள். எல்.இ.டி. ஒளியில் சூடும் புற ஊதாக் கதிரும் மிகக் குறைவு. ஆதலால் ஓவியத்தின் வண்ணம் வெளிறுவது குறையும். 2019 இல் புனித பேதுரு பேராலயம் முழுவதும் மாற்றப்பட்டது. அங்கே மின்செலவு 90 விழுக்காடு வரை குறையும் என்று கணித்தார்கள். ரோமாபுரியின் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நம் ஊர்ச் சுரூபங்களுக்கும் மரப் பீடங்களுக்கும் பூசிய வண்ணம் ஹாலஜன் சூட்டில் வெடித்து உதிர்கிறது; மறுபூச்சுக்குச் செலவாகிறது. அதே நியாயம் இங்கும் உண்டு.

பழைய கட்டடம் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. மதுரையிலிருந்து இராமேசுவரம் போகும் வழியில் இடைக்காட்டூர்த் திரு இருதய ஆலயத்தைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவாகவே இருப்பார்கள். 1894 இல் பிரெஞ்சு நாட்டுக் குருவான பெர்டினாண்ட் செல் அடிகளார் கோதிக் முறையில் எழுப்பியது அது. தனித்தனி வடிவ அச்சுகளில் வார்த்துச் சுட்ட செங்கற்களால் ஆன அழகு. அத்தகைய வேலைப்பாட்டில் விளக்குக்காக ஓர் ஆணியை அடித்துவிட்டால், உடைந்த கல்லுக்கு ஈடாக வேறு கல் எந்தச் சூளையிலும் கிடைக்காது. சுண்ணாம்புச் சுவரும் அப்படியே. பழைய ஆலயங்களில் விளக்குகளைப் பிதுங்கு விளிம்பின் மேலே நிறுத்தி வைக்கலாம். கம்பியை மரச் சட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோகலாம். துளை போடுவதற்குமுன் மறைமாவட்டத்துப் பொறியாளரையோ, பழங்கட்டட வேலை தெரிந்த கொத்தனாரையோ ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது எளிய பகுதி. கடினமானது உபயம்.

நம் கோயில்களிலும் ஆலயங்களிலும் குழல் விளக்கின் மேலேயே "உபயம்" என்றும் "அன்பளிப்பு" என்றும் எழுதி, கொடுத்தவர் பெயர், அவர் தந்தையார் பெயர், ஊர்ப் பெயர், நினைவு நாள் எல்லாம் தீட்டியிருப்பார்கள். பாதி விளக்கு எழுத்து. பாதி விளக்கு வெளிச்சம். சிரிக்கிறோம். ஆயினும் ஒரு கிராமத்தில் விளக்கு மாற்றும் வேலை இரண்டு மாதம் நின்றுபோனதற்கு இதுவே காரணம். பழைய குழலைக் கழற்றிக் கோயில்பிள்ளை திண்ணையில் சாய்த்துவைத்தார். அதன்மேல் ஓர் அம்மையாரின் பெயர் இருந்தது. இருபது ஆண்டுகளுக்குமுன் இறந்துபோன அவருடைய நினைவாக, கட்டட வேலைக்குக் கூலியாகச் சென்ற மகன் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது அது. "எங்கள் அம்மா பெயரைக் குப்பையிலா போட்டீர்கள்?" என்று குடும்பம் கேட்டது. அதற்கு வாட் கணக்கும் யூனிட் கணக்கும் பதிலாகாது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பழைய உபயதாரர் பெயர்களையெல்லாம் ஒரு பலகையில் வரிசையாக எழுதி ஆலய முகப்பில் மாட்டுவதென்றும், புதிய விளக்கில் எவர் பெயரும் எழுதுவதில்லை என்றும் முடிவாயிற்று. அந்த அம்மையாரின் பெயர் பலகையில் ஏறிய பிறகுதான் வேலை நகர்ந்தது. ஏணி எடுப்பதற்கு முன்பே அந்தப் பலகையை எழுதிவிடுங்கள் என்பது நம் வேண்டுகோள்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை சில. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண்ணும், மின் சிக்கனச் செயலகத்தின் நட்சத்திரக் குறியும் உள்ளனவா என்று பாருங்கள். எல்.இ.டி. பல்புகளுக்கு நட்சத்திரக் குறி 2018 முதல் கட்டாயம். எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் முதலில் கெடுவது ஒளிச் சில்லன்று. அதற்கு மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் டிரைவர் என்னும் சிறு பெட்டியே. கோடை இடிமழையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது மலிவான டிரைவர் தாங்காது. ஆகவே மின்னெழுச்சித் தடுப்பு உள்ள விளக்கா என்று கேளுங்கள். இரண்டு ஆண்டு உத்தரவாதத்தைப் பில்லோடு எழுதி வாங்குங்கள். பில் இல்லாத மலிவு விளக்கு ஒருபோதும் மலிவன்று. பழைய குழல் விளக்குச் சட்டத்திலேயே எல்.இ.டி. குழலைப் பொருத்துவதானால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் என்ன செய்வது என்பது குழலின் வகையைப் பொறுத்தது. நேரடி மின்சாரத்தில் எரியும் வகைக்கு அவற்றை நீக்கி, உள்கம்பியை மாற்றவேண்டும். இது உரிமம் பெற்ற வயர்மேன் செய்யவேண்டிய வேலை. ஊர் இளைஞர் செய்யும் விளையாட்டன்று. கழற்றிய குழல்களில் பாதரசம் உண்டு. உடைத்துக் கிணற்றோரம் போடாதீர்கள்.

வயர்மேன் வரும் அன்றே பழைய மரச் சட்ட வயரிங்கையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பல ஆலயங்களில் இரப்பர் உறை பொடிந்த கம்பி இன்னும் இருக்கிறது. கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி ஒன்று வைத்துவிட்டால், ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் கோயில்பிள்ளைக்கும், திருவிழாவில் சீரியல் விளக்குக் கட்ட மேலே ஏறும் பையன்களுக்கும் அது காவல். இருபதடி மூங்கில் ஏணியில் நின்று பல்பு மாற்றுவது எவ்வளவு ஆபத்து என்று நாம் சொல்லத் தேவையில்லை. நல்ல எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 25,000 மணி நேரம் உழைக்கும். ஏணி ஏறும் நாளே குறைந்துவிடுகிறது.

பணத்துக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். சொந்தக் கட்டடத்தில் இயங்கும் தேவாலயங்களைப் பழுதுபார்க்கவும் புனரமைக்கவும் தமிழ்நாடு அரசு சிறுபான்மையினர் நலத்துறையின் வழியாக நிதி உதவுகிறது. ஆலயத்தின் வயதைப் பொறுத்துத் தொகை அமையும். எந்தெந்தப் பணிகள் அதில் சேரும் என்பதை மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் நடப்பு ஆணையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வழிபாட்டுத் தலங்களுக்கு மின்கட்டணத்தில் தனி வகை உண்டு. உங்கள் இணைப்பு அந்த வகையில்தான் இருக்கிறதா என்று மின் அட்டையைப் பாருங்கள். வேறு வகையில் கட்டிக்கொண்டிருந்தால், விளக்கு மாற்றுவதற்கு முன்னரே அதைத் திருத்தக் கேளுங்கள்.

மின்தடை பற்றி மகளிர் குழுத் தலைவி ஒருவர் சற்றுமுன் கேட்டார்கள். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு ஜெனரேட்டர் வாடகை கொடுத்தே தீரவேண்டுமா என்பது கேள்வி. பழைய 2,640 வாட்டுக்கு வேறு வழியில்லை. புதிய ஏற்பாட்டில் பீடமும் வாசக மேடையும் முன்பாதியும் சேர்ந்து ஏறத்தாழ 300 வாட் ஆகும். வீடுகளில் வைக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றும் இன்வெர்ட்டரும் இருந்தால், இழப்பெல்லாம் கழித்தாலும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும். பூசை முடிந்து, பலகாரம் கொடுத்து, பிள்ளைகள் வீடு போய்ச் சேரும் வரை போதும். ஒலிபெருக்கியைத் தனியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அது வெகுவாக இழுக்கும்.

நிறைவாக ஓர் ஏற்பாடு. உங்கள் மின் அட்டையிலுள்ள கடந்த ஆறு கணக்கீடுகளையும், ஆலயத்தில் எந்த விளக்கு எத்தனை மணிக்கு எரிந்து எத்தனை மணிக்கு அணைகிறது என்று ஒரு வாரம் குறித்த தாளையும் ஒன்றிய அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். நம் உதவிப் பொறியாளர் உங்களோடு அமர்ந்து கணக்குப் போட்டுத் தருவார்; அதற்குக் கட்டணம் இல்லை. கோயில்பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்பது அவருக்குத்தான் தெரியும்.